பக்கத்து வீட்டுக்காரரின் மருந்து

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

டப்பி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நாள் முழுக்க கவுன்ட்டரில் நின்று கால் கடுக்கிறது, அது ஒன்றுதான் குறை. உன் தோள் எப்படி இருக்கிறது? ஆபரேஷன் முடிந்து மூன்று மாதமாயிற்று, தையல் மெஷினில் உட்காரலாமா கூடாதா என்று டாக்டர் சொன்னதை நீ எழுதவே இல்லை. அத்தான் பராமரிக்கிற லிஃப்டுகள் ஒழுங்காக ஏறி இறங்குகின்றனவா? லிஃப்ட் குழியில் வழுக்கி முதுகைப் பிடித்துக்கொண்டது என்றாயே, அது தேவலையா?

ஃபோன் இருக்கும்போது அக்காவும் தங்கையும் கடிதம் எழுதிக்கொள்வதைப் பார்த்துக் கடையில் சிரிக்கிறார்கள். ஃபோனில் பேசினால் பின்னாலிருந்து அத்தான் "என் டார்ச் எங்கே?" என்று கேட்பார், பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று சொன்னேன்.

நேற்று கடையில் ஒரு கூத்து. ஒரு அம்மா கடுமையான வலி மாத்திரைக்குச் சீட்டோடு வந்தார். கணக்குப்படி இன்னும் பன்னிரண்டு நாளைக்கு அவர் கையில் மாத்திரை இருக்க வேண்டும். கேட்டால், "டப்பா மூடி திறந்து வாஷ்பேசின்ல கொட்டிடுச்சும்மா" என்கிறார். "போன மாசம் பஸ்ல விட்டீங்க, இந்த மாசம் வாஷ்பேசினா? அடுத்த மாசம் காக்கா தூக்கிட்டுப் போயிடுமா?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மா சீட்டை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இந்த மாத்திரைக் கூட்டமே இப்படித்தான் அக்கா, ஒரு மாத்திரைக்கு ஒன்பது கதை வைத்திருப்பார்கள்.

இன்னொரு தலைவலி. மருந்துக்கடைக்காரர்கள் எல்லோரும் புதன்தோறும் பயிற்சிக்கு வர வேண்டுமாம். இந்த ஓபியாய்டு என்கிற அபின் ரக வலி மாத்திரைகள் அளவு மீறிப்போய் மூச்சு நின்றுவிடுகிறவர்களை எப்படிக் காப்பாற்றுவது, அந்த நிலைமைக்கே போகாமல் எப்படித் தடுப்பது என்று சொல்லித்தரப் போகிறார்கள். பதினெட்டு வருஷமாக மருந்து எடுத்துக் கொடுக்கிற எனக்குப் பாடம்! என் தலையெழுத்து.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் விசாரிப்பு.

உன் தங்கை
டப்பி

---

ஜனவரி 23

என் அன்பு டப்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். நீ நாளெல்லாம் நிற்கிறவள், சாயங்காலம் கொஞ்சம் காலைத் தூக்கிப் போட்டு உட்கார். தோள் தேவலை. மெஷினில் உட்கார ஆரம்பித்துவிட்டேன், ஊர்ப்பட்ட துணி காத்துக் கிடக்கிறது. அத்தானின் முதுகு அவ்வப்போது முனகும், அவ்வளவுதான்.

ஒரு வேடிக்கை கேள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்குச் சட்டை தைத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு மனுஷன் விழிக்கிறார். இரண்டு கையும் இடது கை! இருபத்தாறு வருஷம் தைக்கிறவள் நான். அத்தான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன்.

உனக்கா பாடம் என்று அலுத்துக்கொள்ளாதே. நீ போய் உட்கார்ந்தால் வகுப்புக்கே ஒரு களை வந்துவிடும். சின்ன வயதில் பித்தான், ஊக்கு, ரப்பர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டப்பி வைத்து வீட்டையே மருந்துக்கடையாக்கியவள் நீ. உன்னைப் பற்றி இங்கே எல்லோரிடமும் பீற்றிக்கொள்கிறேன்.

அந்த வாஷ்பேசின் அம்மா அப்புறம் வந்தாரா? உண்மையிலேயே கொட்டியிருக்கலாம், இல்லையா?

அக்கா

---

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இரண்டு இடது கைச் சட்டையைப் படித்துவிட்டுக் கடையிலேயே வாய்விட்டுச் சிரித்தேன். வாத்தியார் அதைப் போட்டுக்கொண்டு கரும்பலகையில் எழுதுவதை நினைத்துப் பார்த்தேன்.

அலுத்துக்கொண்டு போன வகுப்புக்கு இப்போது அரைமணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்கிறேன். காரணம், எங்களுக்குச் சொல்லித்தருகிறவர். பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். ஒல்லியான உருவம், ஒரு பழைய கைக்கடிகாரம், சத்தமே போடாத குரல். நாங்கள் வைத்த பெயர் மூச்சு மேடம். முதல் நாள் மருந்துப் பெயர் ஒன்றுகூடச் சொல்லவில்லை. "பக்கத்தில இருக்கிறவங்க ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடறாங்கன்னு எண்ணுங்க. அவங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மாத்தி விடுவாங்க" என்றார். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு, கண்ணை மார்பில் வைத்து எண்ண வேண்டும். நான் எண்ணியவர் பதினாறு. இத்தனை வருஷத்தில் ஒரு மனுஷரின் மூச்சை முழுசாக ஒரு நிமிஷம் நான் கவனித்ததே இல்லை அக்கா.

அப்புறம் நாடகம். மேடம் வாடிக்கையாளராக வருவார், நாங்கள் ஒவ்வொருவராகக் கவுன்ட்டரில் நிற்க வேண்டும். என் முறை வந்தபோது, "மாத்திரை தொலைஞ்சு போச்சும்மா" என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறக்கவே இல்லை. உடனே நாடகத்தை நிறுத்திவிட்டு, "நீங்க ஒண்ணும் சொல்லலை. ஆனா உங்க முகம் கதவைச் சாத்திடுச்சு. இனிமே நான் உங்ககிட்ட உண்மை பேச மாட்டேன். வேற கடைக்குப் போவேன், இல்லன்னா வீட்டுக்குப் போய்ச் செத்துப்போவேன்" என்றார். திட்டவில்லை. சாதாரணமாகச் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

முதலில் கேட்க வேண்டியது "மருந்து யாருக்கு?" என்பதுதானாம். குற்றவாளியைக் கேட்கிற மாதிரி இல்லாமல், "டீ யாருக்கு?" என்று கேட்கிற மாதிரி. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பழகினேன்.

அந்த வாஷ்பேசின் அம்மா வரவில்லை. அவர் நினைப்பு அடிக்கடி வருகிறது.

இருவரும் நலமாக இருங்கள்.

டப்பி

---

மார்ச் 5

டப்பிக்கு,

பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. வேலை அதிகம். உன் கடிதத்தை அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மூச்சை எண்ணுகிற இடம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து வாட்ச்சும் கையுமாக அலைகிறார். உன் மேடத்தை நேரில் பார்த்தால் ஒரு கும்பிடு போட வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்காக உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த ரகத்து வலி மாத்திரைதான் சாப்பிடுகிறார். முதலில் காலை ஒன்று, மாலை ஒன்று. இப்போது ஏழெட்டு ஆகிவிட்டதாம். வலிக்காகவா, மாத்திரைக்காகவா என்று அவருக்கே தெரியவில்லையாம். தூக்கம் வராத நாளில் தூக்க மாத்திரையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறார். உடம்பெல்லாம் அரிப்பு. பகலில் உட்கார்ந்தபடியே கண் செருகிவிடுகிறது. இது ஆபத்தா? ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா? மானஸ்தர், வெளியே சொல்லக் கூசுகிறார். உனக்குத் தெரிந்ததை எழுது, நான் சொல்லிவிடுகிறேன்.

அக்கா

---

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த கையோடு எழுதுகிறேன்.

உன் பக்கத்து வீட்டை இடித்துப்போட்டு இரண்டு வருஷமாயிற்று, வெறும் மனையாகக் கிடக்கிறது, இன்னொரு பக்கம் தெருதான் என்று நீதான் எழுதியிருந்தாய். ஆகவே அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று எனக்குப் புரிகிறது. லிஃப்ட் குழியில் வழுக்கிய முதுகு அவருக்கு. நீயாகச் சொல்கிற வரைக்கும் நான் கேட்க மாட்டேன், கடிதத்திலும் பக்கத்து வீட்டுக்காரர் என்றே எழுதுகிறேன். அவர்மேல் எனக்கு ஒரு துளி மரியாதைகூடக் குறையவில்லை. அதை மட்டும் எப்படியாவது அவர் காதில் போட்டுவிடு.

ஆபத்துதான். தூக்க மாத்திரையும் சேர்வது பெரிய ஆபத்து. இரண்டும் சேர்ந்து மூச்சை அமுக்கிவிடும். ஆனால் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. உடம்பு முறுக்கிக்கொள்ளும், தாங்காது. டாக்டரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அதற்கு உதவுகிற வேறு மருந்தும் இருக்கிறது. இது கெட்ட பழக்கம் இல்லை அக்கா, வைத்தியம் பார்க்க வேண்டிய உடம்புக் கோளாறு. இதை நானே போன மாதம்தான் கற்றுக்கொண்டேன்.

இத்துடன் ஒரு சின்னப் பெட்டி அனுப்புகிறேன். மூக்கில் அடிக்கிற மருந்து, பெயர் நாலோக்சோன். உள்ளே இரண்டு குப்பி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தடவைக்குத்தான் மருந்து. வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிடாதீர்கள். கவனமாகப் படி. அவர் எழுப்பியும் எழுந்திருக்கவில்லை, நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தும் அசைவில்லை, மூச்சு மெதுவாக, குறட்டையும் கொப்பளிப்புமாக வருகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் காத்திருக்காதே. ஆம்புலன்ஸைக் கூப்பிடு. மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு நாசியில் முனையை முழுக்க நுழைத்து ஒரே அழுத்து. மூச்சு போதவில்லை என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஐந்து நொடிக்கு ஒரு தடவை ஊது. இரண்டு மூன்று நிமிஷத்தில் தெளியவில்லையா, அடுத்த நாசியில் இரண்டாவது குப்பி. தெளிந்ததும் ஒருக்களித்துப் படுக்கவை. எழுந்து உன்னைத் திட்டலாம், பொறுத்துக்கொள். விட்டுவிட்டு நகராதே. இந்த மருந்தின் வேகம் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும், மாத்திரை உள்ளேயே இருக்கும், மறுபடி மூச்சு அடங்கலாம்.

ஒன்றை மறக்காதே. இந்த மருந்தை அவரே அடித்துக்கொள்ள முடியாது. பக்கத்தில் இருக்கிறவர்தான் அடிக்க வேண்டும். அதாவது நீ. அதனால் நீ தெரிந்துகொண்டால் போதும், எனக்கு நிம்மதி.

டப்பி

---

ஏப்ரல் 2

டப்பிக்கு,

சுகம். பெட்டி வந்தது. பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டும் என்று நீ அனுப்பியதாக அத்தானிடம் சொன்னேன். அவர் மிக்ஸி வாங்கினாலே விளக்கப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறவர், சும்மா இருப்பாரா? உள்ளே இருந்த தாளை மூன்று தடவை படித்தாயிற்று. ஒரு குப்பியை அழுத்திப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது, கூடாது என்று போட்டிருப்பதால் அடங்கியிருக்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரர் இன்றோடு எல்லாவற்றையும் நிறுத்திவிடப் போகிறாராம். டாக்டரிடம் போக மனம் வரவில்லை.

அக்கா

---

ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

தயவுசெய்து அவரைத் தனியாக நிறுத்தவிடாதே. அதைவிட முக்கியமாக ஒன்று. பத்து நாள் நிறுத்தியவர் தாங்க முடியாமல் மறுபடி எடுத்தால் பழைய அளவை எடுக்கவே கூடாது. பழக்கம் விட்ட உடம்பு அதைத் தாங்காது. மூச்சு மேடம் இதைச் சொல்லும்போது மட்டும் குரல் உயர்ந்தது. அதிகம் பேர் போவது நிறுத்தியபோது இல்லையாம், நிறுத்திவிட்டுத் திரும்பியபோதுதானாம்.

நேற்று உனக்கு ஃபோன் செய்தேன், அத்தான்தான் எடுத்தார். நீ தூங்குகிறாய் என்றார். அவர் குரல் கணீரென்று இருந்ததைக் கேட்டதும் பாதி கவலை போயிற்று.

இன்னொரு சேதி. வாஷ்பேசின் அம்மா வந்தார்! கவுன்ட்டரை விட்டு வெளியே வந்து நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். "ஜனவரியில உங்களைப் பேசினது தப்பும்மா" என்றேன். அந்த அம்மா அழுதுவிட்டார், நானும்தான். அவரோடு டாக்டரிடம் நானே போனேன். எனக்கே என்னைப் பார்த்து ஆச்சரியமாக இருக்கிறது. மேடம் என்னைப் பயிற்சி கொடுக்கிறவர்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறார்.

உடனே பதில் எழுது. அத்தானைப் பார்த்துக்கொள்.

டப்பி

---

மே 6

டப்பிக்கு, அத்தான் எழுதிக்கொள்வது.

நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். நான் ஃபோனில் சொன்னதும் அடித்துப்பிடித்து ஓடி வந்தாய், ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அவள் பக்கத்திலேயே இருந்தாய். அவள் முன்னால் நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிளம்பும்போது பஸ் படியில் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் எழுதுங்கள் என்றாய். எனக்குக் கடிதம் வராது. ரிப்போர்ட் வரும்.

உன் கடிதத்தை உன் அக்கா படித்துக் காட்டிய நாளிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கண்ணயரும்போது மூச்சை எண்ணிப் பழகினேன். பழக வேறு ஆள் கிடைக்கவில்லை. லிஃப்ட் பராமரிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன். பிப்ரவரி கடைசியில் பதினான்கு. மார்ச்சில் பதினொன்று, பத்து, ஒரு நாள் ஒன்பது. வாட்ச் ஓடவில்லை என்று நினைத்து பேட்டரி மாற்றினேன். என் புத்தி அவ்வளவுதான். ஏப்ரலில் ஜுரம், நடுக்கம், வாந்தி என்று பத்துப் பன்னிரண்டு நாள் படுத்துக் கிடந்தாள். நீ ஃபோன் செய்தது அப்போதுதான். யாருக்கும் சொல்லக் கூடாது என்றாள். தேறி மெஷினில் உட்கார்ந்தாள். மூச்சு பதினாறு. சந்தோஷப்பட்டேன்.

ஏப்ரல் 25, சனிக்கிழமை. டார்ச்சை மறந்துவிட்டுப் போனவன் மத்தியானம் மூன்று பத்துக்குத் திரும்பி வந்தேன். தையல் அறையில் மெஷின் விளக்கு எரிகிறது. தலை மெஷின்மேல். கொப்பளிக்கிற மாதிரி ஒரு குறட்டை. கூப்பிட்டேன், உலுக்கினேன், நெஞ்செலும்பைத் தேய்த்தேன். இல்லை. உதடு நீலம். அரை நிமிஷத்தில் இரண்டு மூச்சு. பிரிட்ஜ் எட்டு அடி தூரம். பெட்டியை எடுத்தேன், ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே தரையில் கிடத்தி, தலையைச் சாய்த்து, அடித்தேன். வாயோடு வாய் வைத்து ஊதினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஊது. மூன்று நிமிஷம். ஒன்றும் இல்லை. அடுத்த நாசியில் இரண்டாவது குப்பி. மறுபடி ஊதினேன். பெட்டியில் மூன்றாவது இல்லை என்பது மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்று பதினெட்டுக்குக் கண்ணைத் திறந்தாள். "உங்களை யாரு எழுப்பச் சொன்னா?" என்று திட்டினாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்லை. திட்டட்டும் என்று ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் மூன்று இருபத்தேழுக்கு வந்தது. அதில் வந்த நர்ஸ் இரண்டு காலிக் குப்பியையும் பார்த்துவிட்டு, "யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்றார். "என் மச்சினி" என்றேன்.

உன் மார்ச் கடிதத்தை இப்போதுதான் பார்த்தேன். எனக்கு முதுகுவலி ஜனவரியோடு போய்விட்டது, டப்பி. நான் ஒரு வலி மாத்திரைகூடப் போட்டதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்

---

மே 14

அக்கா,

எட்டு நாளாக எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். மருந்து யாருக்கு என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. பக்கத்து வீடு காலி மனை என்று கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனத்தில் மிதந்துகொண்டிருந்தேன். தோள் ஆபரேஷன் உனக்கு. இரண்டு இடது கைச் சட்டை தைத்தது நீ. பகலில் கண் செருகியது உனக்கு. எல்லாம் என் கையில் கடிதமாக இருந்தது. பெட்டியைச் சரியான வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தவறான ஆளுக்குப் பாடம் எழுதியிருக்கிறேன். அத்தான் விளக்கத்தாளைப் படிக்காதவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

என் ஜனவரிக் கடிதத்தை நினைத்துப் பார்த்தேன். "ஒரு மாத்திரைக்கு ஒன்பது கதை" என்று எழுதியவளிடம் நீ எப்படிச் சொல்வாய்? கதவைச் சாத்தியது நான். என்னை மன்னித்துவிடு. பதில் எழுத வேண்டாம், தூங்கு, சாப்பிடு, டாக்டர் சொல்வதைக் கேள். எழுத வேண்டும் என்று தோன்றும்போது எழுது. எவ்வளவு நாளானாலும் காத்திருக்கிறேன்.

டப்பி

---

ஜூலை 19

என் டப்பிக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம். எனக்கு டாக்டர் கொடுத்த வேறு மருந்து ஒத்துக்கொண்டது. வாரம் ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன். தோள் வலிக்கிறது, வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்கிறேன்.

நீ கேட்காத கேள்விக்குப் பதில்: எனக்குத்தான்.

நீ ஜனவரியில் அப்படி எழுதியபோது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நானும் இங்குள்ள கடையில் அதே வாரம்தான் மாத்திரை தொலைந்த கதை சொல்லியிருந்தேன். ரயிலில் விட்டுவிட்டேன் என்று. கடைக்காரர் சிரித்தார். உன் கடிதத்திலும் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பிப்ரவரியில், உன் முகம் கதவைச் சாத்தியது என்று நீயே எழுதினாய் பார், அதைப் படித்துவிட்டுத்தான் மார்ச்சில் கேட்கத் துணிந்தேன். பாதி உண்மையாவது உன்னிடம் வந்தது அதனால்தான். தன் தப்பைத் தானே எழுதி அனுப்புகிற தைரியம் எனக்கு இருக்கவில்லை, உனக்கு இருந்தது.

பெட்டியை ஏன் பிரிட்ஜ் மேல் வைத்தேன் என்று அத்தான் கேட்டார். துணி அலமாரியில் ஒளித்து வைக்கத்தான் எடுத்துக்கொண்டு போனேன். கை வரவில்லை. அவர் கண்ணில் பட வேண்டும் என்று உள்ளுக்குள் யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்த யாரோ நான்தானே? அவளை எனக்கு இப்போது ரொம்பப் பிடிக்கிறது.

ஒரு யோசனை. உன் வகுப்பில் நாடகம் உண்டே, வாடிக்கையாளராக நடிக்க ஆள் வேண்டாமா? சொந்தத் தங்கையையே மூன்று மாதம் ஏமாற்றியவள் நான். என்னைவிட நல்ல நடிகை உனக்கு எங்கே கிடைப்பாள்?

அக்கா

---

செப்டம்பர் 17

அன்புள்ள அத்தானுக்கு,

இருவரும் நலம். அக்கா வந்து நான்கு நாளாகிறது, என் சட்டைகளுக்கெல்லாம் பித்தான் தைத்துவிட்டாள். உங்களுக்குப் பட்டினி இல்லையே?

நேற்று நடந்ததை உங்கள் பாணியில் ரிப்போர்ட்டாக எழுதச் சொன்னாள். முயற்சி செய்கிறேன்.

வகுப்பில் பதினொரு பேர். எல்லோரும் மருந்துக்கடைக்காரர்கள். மூச்சு மேடம் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார், நான் முன்னால் நின்று நடத்தினேன். அக்கா யாரென்று மேடத்தைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு கவுன்ட்டருக்கு வந்தாள். "எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தாள் பாருங்கள்! அப்படி ஒரு நடிப்பு. ஒரு கொட்டாவி, முழங்கையில் லேசாக ஒரு சொறிதல், அவ்வளவுதான்.

முதலில் வந்த ஏழு பேரும் கெட்டிக்காரர்கள். அளவு, ஆபத்து, மூக்கில் அடிக்கிற முறை எல்லாம் பிசகில்லாமல் ஒப்பித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். மார்ச் மாதத்து என்னை ஏழு தடவை பார்த்தேன்.

எட்டாவதாக வந்தவர் பெருத்த உடம்புக்காரர், கூச்ச சுபாவம், பேசும்போது வார்த்தை தடுக்கும். காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. அவர் அக்காவை ஒரு நிமிஷம் பார்த்தபடி நின்றார். அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அப்புறம் கவுன்ட்டரைச் சுற்றி வெளியே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, "உ... உட்காருங்கம்மா. பக்கத்து வீட்டுக்காரரைப் பத்தி அப்புறம் பேசலாம். உங்களுக்கு எங்க வலிக்குது?" என்றார்.

அக்கா உட்கார்ந்துவிட்டாள். பழகி வைத்த வசனம் ஒன்றும் வரவில்லை. தோளைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் அவசரப்படவில்லை. பெட்டியை எடுத்துத் திறந்து அவள் மடியில் வைத்தார். "இதை உங்களுக்கு நீங்களே அடிச்சுக்க முடியாது. வீட்டுல வேற யாருக்கு இது தெரியணும்?" என்றார்.

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். "என் வீட்டுக்காரருக்குத் தெரியும். ரெண்டு குப்பியும் அடிச்சு, என்னைக் காப்பாத்தினவர் அவர்தான்" என்றாள்.

அதற்குப் பிறகு நாடகம் நடக்கவில்லை. மீதி மூன்று பேரும் தங்கள் முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவளைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பற்றியும் சொன்னாள். பதினான்கு, பதினொன்று, ஒன்பது என்று அவள் சொல்லச் சொல்ல மூச்சு மேடம் தன் கையேட்டில் எழுதிக்கொண்டார். எழுந்து போகும்போது என்னிடம், "உங்க அத்தானை ஒரு தடவை இங்க கூட்டிட்டு வாங்க. நான் அவர்கிட்ட கத்துக்கணும்" என்றார். அத்தான், நான் பார்த்த மனுஷர்களிலேயே பெரியவர் அந்த அம்மா. அவர் சொன்னது உங்களை.

கடைசியில் கொஞ்சம் இடம் விடச் சொல்கிறாள் அக்கா. விடுகிறேன்.

டப்பி

நான்தான் எழுதுகிறேன். ஞாயிறு மத்தியான பஸ்ஸில் வருகிறேன். அந்தப் பெரிய உடம்புக்காரர் கொடுத்த புதுப் பெட்டி என் பையில் இருக்கிறது. பிரிட்ஜ் மேல் எதையாவது அடைத்து வைத்திருந்தால் எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் காலியாக வைங்க.